மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்டது

பாதர் ஞானாதிக்கத்துக்கு ஒரு சின்ன விஷயம் பிடிபடவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஜனங்களின் பாவங்களைக் கேட்டு மன்னிக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்ததும், வெளியே யாரோ பெரிய ஃபேனைக் கொண்டுவந்து நிறுத்தி, முழு வேகத்தில் ஓட விடுகிறார்கள். ஜனவரி மாதம். வரிசையில் நிற்பவர்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்குகிறார்கள். அவர் எழுந்து வந்து அணைப்பார். திரும்பி உட்காருவதற்குள் அது மறுபடி சுழலும்.

கோயிலைத் திறந்து, மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கோயில்பிள்ளை உத்தமனைக் கேட்டார்.

“கொசு, பாதர்.”

“இந்தக் குளிர்லயா?”

“கல்கத்தாக் கொசு. குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு வரும்.”

சிரித்துவிட்டு அதோடு விட்டார். ஆனால் மனசு சிரிக்கவில்லை. வரிசையும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது.

அவருக்கு இன்னும் நாலு வாரம்தான் இருந்தது. எழுபத்தைந்து வயதானால் பங்குக்குரு ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும், எழுதினார். பெஹாலாவில் முதிய குருக்கள் இல்லத்தில் ஓர் அறை தயார். கிடர்பூரில் முப்பத்தொரு வருஷம். வந்த புதிதில் தமிழ்ப் பூசைக்கு உட்கார இடமிருக்காது. எல்லாம் துறைமுகக் குடும்பங்கள். பிள்ளைகள் சால்ட் லேக் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள். இப்போது நாற்பது பேர், எல்லாம் நரைத்த தலைகள். புதிதாக வரும் பாதருக்குத் தமிழ் தெரியாது. போவதற்கு முன் இந்த நாற்பது பேரையும் ஒருமுறை கேட்டு, மன்னிப்பு அளித்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அதிலும் செல்வராணி. ஓய்வுபெற்ற நர்ஸ். இருபத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை வரிசையில் முதல் ஆள். நவம்பரிலிருந்து வரவில்லை. ஒன்பது வருஷமாகப் பக்கவாதத்தில் கிடந்த அவள் கணவர் மூக்கையா டிசம்பரில் இறந்தபோது அடக்கம் செய்துவைத்தவர் இவர்தான். கல்லறையில் அவள் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு காலையில் அவள் வீட்டுக்கே நடந்து போனார்.

“சனிக்கிழமை உன்னைக் காணோமேம்மா?”

அவள் ஏதோ சொன்னாள்.

“என்ன?”

“வந்தா நீங்க கத்துவீங்க பாதர்.”

“நான் எங்கம்மா கத்துறேன்?”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்தாள். செல்வராணி அதைக் கையால் காட்டினாள்.

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “புருஷன் செத்தாத் தேவலைன்னு நினைக்கிறது பாவம் இல்லம்மா, அசதின்னு சொன்னீங்க. நல்ல வார்த்தைதான். மூணாவது பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. யாரோ அவர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டாங்க. கடைசி மூணு வாரம் அவர் என் கையால கஞ்சி குடிக்கல. உத்தமண்ணன்தான் வந்து ஊட்டினாரு.”

பாதருக்கு ஃபேன் புரிந்தது. அவர் குரலை மூடத்தான் அது. காது மங்கியவனுக்குத் தன் குரலும் மங்கலாகத்தான் கேட்கும். அதனால் தெரியாமலே உயர்த்துவான். பக்கத்தில் ஃபேன் இரைந்தால் இன்னும் உயர்த்துவான். காதுக்கருவி ஒன்று வாங்கி, எல்லா இரைச்சலையும் சேர்த்துக் கொட்டுகிறதென்று மேஜைக்குள் போட்டதும் அவர்தான். கிசுகிசுத்த பாதிப் பாவங்களுக்கு வெறுமனே தலையாட்டியதும் அவர்தான். ஒரு குரு உயிரே போனாலும் வெளியே விடக்கூடாத ஒன்று உண்டு, தொட்டியில் கேட்ட பாவம். அதை அவர் வாயே விட்டிருக்கிறது.

“இனி நான் தொட்டியில உட்காரல.” குரலை அடக்கிச் சொல்ல முயன்றார். ஜன்னல் மறுபடி அசைந்தது.

“அப்ப நாங்க எங்க போறது? வங்காளத்துல மீன் வாங்குவோம், சண்டைகூடப் போடுவோம். பாவம் சொல்ல வராது பாதர். அவர் போனதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு.”

பாதரின் கைகள் மடியில் கிடந்தன.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். மூக்கையாவுக்குக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்த ஸ்டெதஸ்கோப் சுருட்டி வைத்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அவர் காதுகளில் மாட்டி, வட்ட முனையைத் தன் வாயருகே பிடித்து மெல்லப் பேசினாள்.

“கேக்குதா?”

அவள் மூச்சுகூடக் கேட்டது. “கேக்குதும்மா” என்றார். பானைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல அவர் குரல் அவர் மண்டைக்குள்ளேயே முழங்கியது. பதறி, தணித்துக்கொண்டார். “கேக்குதும்மா.”

எதிர் ஜன்னல் அசையவில்லை.

மூக்கையா குடிக்காத கஞ்சிக்கு இது பரிகாரம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஃபேன் இல்லை. தொட்டியின் சல்லடைப் பலகையில் உத்தமன் ஒரு துளையை உளியால் பெரிதாக்கி, ஸ்டெதஸ்கோப் குழாயை அதன் வழியே விட்டிருந்தார். காதுமுனைகள் பாதரிடம், வட்ட முனை சொல்ல வருபவர் கையில். அதில் மெல்லப் பேசினாலே அவருக்குக் கேட்கும். காது அடைபட்டிருப்பதால் அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்கும். தானாகவே தணிந்து பேசுவார். முதலில் செல்வராணி உள்ளே போனாள். மூன்றாவது பெஞ்சில் உத்தமன் உட்கார்ந்து, காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.