நாலு கிலோ இருநூறு

பார்சல் கிடங்கில் அவனுக்குத் தராசு என்றுதான் பேர். பெட்டியைக் கையில் தூக்கிய மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவான். மெஷினில் வைத்துப் பார்த்தால் ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பேச்சில் மட்டும் மகா கஞ்சன். பன்னிரண்டு வருஷத்தில் அவன் தானாக ஆரம்பித்த பேச்சுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

பாப்பா பிறந்ததும், வாரம் தவறாமல் எடை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கிடங்கில் கழித்துப் போட்ட கொக்கித் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து சமையலறை வாசல் நிலையில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவைத் துணியில் கிடத்தித் தொங்கவிடுவார்கள். அதற்கு முன்பே அவன் கையில் ஏந்தி எடையைச் சொல்லிவிடுவான். ஏழு வயது மூத்தவள் முள்ளைப் பார்க்காமலே அதைப் பென்சிலால் கதவில் எழுதிவிடுவாள். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

"அப்ப சூப்பர்வைசருக்கு?" என்று முதல் வாரமே கேட்டாள்.

சூப்பர்வைசர் என்பது பூனை. வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, திருப்தியில்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும். தான் ஒரு துரும்பையும் அசைக்காது. ஆக, கதவில் இரண்டு வரிசை. ஏழாவது வாரம் இரண்டிலும் ஒரே எண் வந்தது: நாலு கிலோ இருநூறு.

"பாப்பா எட்டிப் பிடிச்சிட்டா!" என்று மூத்தவள் குதித்தாள். மூன்று வயதுத் தம்பிக்காரனும் எதற்கென்று தெரியாமலே கூடக் குதித்தான்.

அந்த வாரத்தில்தான் பாப்பாவுக்கு மூக்கடைப்பு வந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்த அம்மா, பூனை குழந்தையின் நெஞ்சை ஒட்டிச் சுருண்டு கிடப்பதைக் கண்டாள்.

"அதுவும் நமக்குப் பிள்ளை மாதிரிதான், இல்லேங்கல," என்றாள் புருஷனிடம். "ஆனா பிள்ளை மாதிரி வேற, பிள்ளை வேற. யாருக்காவது குடுத்துடுங்க."

பேக்கிங் பிரிவில் இருந்த நண்பன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அதை மூத்தவளிடம் சொல்ல அவன் தன் ஆயுளிலேயே நீளமான பேச்சைப் பேச வேண்டியதாயிற்று. மாடி வீடு. வெயில் வரும் ரெண்டு ஜன்னல். பிள்ளையில்லாத வீடு, தலைமேல் வைத்துத் தாங்குவார்கள்.

"அடிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"பசிச்சா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுவாங்க."

"நாம போய்ப் பாக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போலாம்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். "அவ்ளோ நல்ல வீடா?" என்று மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பன் தலையைச் சொறிந்தான். "தப்பா நெனைச்சுக்காத தராசு. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறா."

"சரி," என்றான் அவன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வரவில்லை என்பதைவிட, சொல்லாமல் இருப்பது அவனுக்குப் பழகிய வேலை என்பதுதான் சரி. கிடங்குக்குப் பின்னால் பொட்டல் வெளி இருந்தது. உடைந்த மரச்சட்டங்கள் குவிந்து கிடக்கும், எலிக்குப் பஞ்சமில்லை. பூனை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை மனைவி குளிக்கப் போயிருந்தாள். பூனை அவன் கைக்கு அடங்காது, பிறாண்டிவிடும்.

"நீயே கூடைக்குள்ள விட்டு மூடிடும்மா," என்றான் மூத்தவளிடம். "மேல துண்டைப் போட்டுடு. வெளிச்சத்தைப் பாத்தா மெரளும்."

அவள் பூனையைக் கொஞ்சி விடைகொடுப்பதைப் பார்க்கத் தெம்பில்லாமல் வாசலில் போய், தெருவைப் பார்த்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆயிற்று.

"ஆச்சுப்பா."

அழுதிருப்பாள் என்று நினைத்தான். கண் காய்ந்துதான் இருந்தது. பக்கத்தில் சின்னவன் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க நின்றான். தொட்டிலில் கொசுவலைக்குள் போர்வை மேடாகத் தெரிந்தது. மூச்சு ஏறி இறங்கியது. பாப்பா தூங்குகிறாள்.

கூடையைத் தூக்கினான். கூடை, துண்டு, மகள் உள்ளே வைத்திருக்கும் துணிமணி எல்லாம் கழித்தால், நாலு இருநூறு. கை சொல்லிவிட்டது. அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை.

பத்து நிமிஷ நடை. கூடைக்குள் போட்டாலே ஊரைக் கூட்டுகிற பூனை அன்று சத்தமே போடவில்லை. மகள் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டான். பொட்டலில், சட்டக் குவியலின் நிழலில் கூடையை இறக்கினான். துண்டுக்கடியில் கையை விட்டுக் கொக்கியை நீக்கி, மூடியை மட்டும் சற்றே விலக்கினான். கண்ணைப் பார்த்துவிட்டால் விட்டுப்போக முடியாது. திரும்பி நடந்தான்.

முப்பது அடி போயிருப்பான். பின்னால் அழுகை கேட்டது.

பூனை அழுதால் குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். குப்பைமேட்டில் படுத்திருந்த இரண்டு நாய்கள் தலையைத் தூக்கின. எழுந்தன. அவனைத் தாண்டிக் கூடை இருந்த பக்கமாகப் போயின. போகட்டும், பூனைதானே, ஏறி ஓடிவிடும் என்று நினைத்தான். அதையும் நினைத்தான்.

அழுகை நின்றது. அதைத் தொடர்ந்து சின்னதாக இரண்டு விக்கல்.

அந்த இரண்டு விக்கலையும் ஏழு வாரமாகத் தன் தோளில் வாங்கியவன் அவன். அழுது ஓய்ந்ததும் ஒன்று, மூச்சிழுத்து இன்னொன்று. உலகத்தில் வேறு எந்தப் பிராணிக்கும் அது கிடையாது.

எப்படி ஓடினான் என்று பிறகு அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது என்று மட்டும் தெரியும். ஒரு நாயின் மூக்கு துண்டுக்குள் நுழைந்திருந்தது. வாயில் வந்த சத்தம் தன்னுடையதா என்றே அவனுக்குத் தெரியவில்லை; நாய்கள் சிதறின. துண்டை இழுத்தான். மஞ்சள் போர்வைக்குள் பாப்பா முகம் சிவந்து, விரலைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பால் புட்டி, துணிப் பொம்மை. நோட்டிலிருந்து கிழித்த தாளில் பென்சில் எழுத்து:

"பசித்தால் அழுவாள். அடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருவோம்."

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். குழந்தையைத் தூக்க, எடை சொன்ன அந்தக் கையை நம்ப முடியாமல், முழங்கையால் நெஞ்சோடு அணைத்து எடுத்தான்.

தெருமுனையிலேயே மனைவி எதிரே ஓடிவந்தாள். ஈரத் தலை, காலில் செருப்பில்லை. பாப்பாவைப் பிடுங்கி, கை, கால், கழுத்து என்று தடவிப் பார்த்தாள்.

"தொட்டில்ல கைய விட்டேன், மயிரா தட்டுப்படுது," என்றாள். "எங்க கொண்டு போன நீ? எங்க கொண்டு போன?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றதில்லை. சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

பின்னாலேயே மூத்தவள் பூனையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்க அனுமதி கிடைத்ததுபோலச் சின்னவன், "நான் சொல்லவேயில்ல!" என்று கத்தினான்.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"சூப்பர்வைசர்தான் மொதல்ல வந்துச்சு, பாப்பா அப்புறந்தான் வந்தா," என்றாள் மூத்தவள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கும் உதடு பிதுங்க ஆரம்பித்தது. "அது நல்ல வீடும்மா. ரெண்டு ஜன்னல் இருக்கு. அப்பாதான் சொன்னாரு." அவனிடம் திரும்பினாள். "அவங்களுக்குப் பாப்பாவப் பிடிக்கலையாப்பா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பேச்சு அதோடு முடிந்துவிடும். மனைவியும் நம்பிவிடுவாள். அவன் தன் காலைப் பார்த்தான். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் மண்.

"வீடே இல்லம்மா," என்றான். "அவன் வேண்டாம்னுட்டான். நான் பொட்டல்ல வெச்சுட்டுத் திரும்பி நடந்துட்டேன். அழற சத்தம் கேட்டும் நடந்தேன்."

மனைவி அந்த இடத்திலேயே, தெருவோரத்தில் குழந்தையோடு உட்கார்ந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. இத்தனை நாள் தான் வீட்டுக்குள் வைத்திருந்த மௌனம் வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப ஜன்னல்?" என்றாள் மூத்தவள்.

"இல்ல."

"சூப்பர்வைசர அங்கயா விட்டிருப்பீங்க?"

ஆமாம் என்று அவன் தலையசைத்தான். அவள் பூனையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூனை எங்கும் போகாது, தொட்டில் இருக்கும் அறைக் கதவைச் சாத்தி வைத்தால் போதும் என்று மனைவி முடிவாகச் சொல்லியிருந்தாள்; அவனிடம் அவள் பேசியது அது ஒன்றுதான். துணியில் பாப்பாவைக் கிடத்திக் கையில் ஏந்தினான்.

"நாலு முன்னூறு," என்று சொல்லிவிட்டுத் துணியைத் தராசுக் கொக்கியில் மாட்டினான்.

மூத்தவள் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். அதன்மேல் ஏறி, தராசின் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்து, அது ஆடி நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.