புல்லட்டுக்கு இடது கால்

ஆர்எக்ஸ் நூறு வளைவுக்குப் பிறந்த வண்டி. புல்லட் பள்ளத்துக்குப் பிறந்த வண்டி. எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் ஓட்டியிருப்பார்கள். நான் இரண்டையும் ஓட்டியவள். இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

தொண்ணூற்று நாலில் மைசூர் விஜயநகரில் ஒரு காசநோய் சேவை நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். கொள்ளேகாலம் தாண்டி பாலாறு வரைக்கும் உள்ள ஊர்களுக்கு வாராவாரம் மருந்து கொண்டுபோய், ஊசி போட்டு வரும் வேலை காலியானது. அது எனக்கு வேண்டும். நர்ஸ் படித்தது நோயாளியைப் பார்க்கத்தானே, ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கவா?

தமிழில் கன்னடம் கலந்து பேசும் மேனேஜர் உதயகுமார் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த ரோட்டுக்கு ஆபீஸ் புல்லட்தான் சிஸ்டர். உங்க ஆர்எக்ஸ் ஊருக்குள்ள காளிதாசா ரோட்டுல சுத்தத்தான் லாயக்கு. சும்னே எதுக்கு ரிஸ்க்? நம்ம ஆபீஸ் பையன் முனிராஜ் போகட்டும்."

"முனிராஜுக்கு ஊசி போடத் தெரியுமா சார்?"

"புல்லட் ஓட்டத் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சனிக்கிழமை சாமுண்டி மலைக்கு வாங்க. மேல போயி வண்டிய மாத்திக்குவோம். புல்லட்டை நான் கீழ இறக்கிக் காட்டுனா வேலை எனக்கு. சரிதானே?"

"ஆகட்டும்" என்றார், சிரித்துக்கொண்டே.

சனிக்கிழமை அவர் புல்லட்டில் முன்னால் ஏற, நான் என் ஆர்எக்ஸில் பின்னால் போனேன். என் வண்டி கண் போன பக்கம் போகும். இடுப்பை லேசாகச் சாய்த்தால் வளைவு முடிந்துவிடும். ஆனால் தார் பெயர்ந்த இடத்தில் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். அதே இடத்தில் அவர் பல்லக்கில் போகிறவர் மாதிரி அசையாமல் போனார். முந்தியிருக்கலாம், முந்தவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். புல்லட்டில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். என் வண்டிக்கு நேர் எதிர்.

மேலே போய் வண்டியை மாற்றிக்கொண்டோம். பிரேக்கைப் பற்றி மனிதர் மூச்சு விடவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து என் இடது ஷூவில் கட்டினேன்.

"என்ன சிஸ்டர், கால்ல அடியா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி எந்தக் கால்னு துணி கட்டி அடையாளம் வைப்போம் சார். இது பிரேக் கால். உங்களுக்கும் வலது கால்ல ஒண்ணு கட்டிவிடவா?"

அவர் முகம் ஒரு மாதிரியானது. "பேடா, வேணாம் சிஸ்டர். நான் காலேஜ்லேர்ந்து வண்டி ஓட்டுறேன்."

முதல் வளைவில் புல்லட் என் பேச்சைக் கேட்கவில்லை, அகலமாகப் போனது. அடுத்த வளைவில் கொஞ்சம் முன்னாலேயே திருப்பினேன். அம்மாடி, அதற்குப் பிறகு என்ன சொகுசு! பிடித்த கோட்டை விடவே இல்லை. ஜல்லி கிடந்த இடத்தில் என் ஆர்எக்ஸ் ஆட்டம் போட்டிருக்கும், இது அசராமல் கடந்தது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

அப்போது உதயகுமார் ஹாரன் அடித்துக்கொண்டு விர்ரென்று என்னை முந்தினார். லேசான வண்டி கிடைத்ததும் ஆளுக்கு வாலிபம் திரும்பிவிட்டது. அடுத்த வளைவில் எதிரே பஸ். அவர் இடது கால் அழுந்தியதைப் பார்த்தேன். பிரேக் பிடிக்கவில்லை, கியர்தான் இறங்கியது. பின்சக்கரம் துள்ளி, வண்டியோடு ஆளும் ஓரத்துச் சாக்கடையில் போய் விழுந்தார்.

புல்லட்டை நிறுத்திவிட்டு ஓடினேன். கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். "எலும்பு உடையல. சுளுக்குத்தான்."

"பிரேக்னு நெனச்சு மிதிச்சேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்களும் தப்பா மிதிப்பீங்கன்னுதான் சொல்லாம விட்டேன் சிஸ்டர். பயந்துபோயி வேலையே வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மறதி இல்லையா அது? அவர் காலை விட்டுவிட்டு எழுந்தேன்.

"தப்பா மிதிச்சா கியர் ஏறி வண்டி நிக்காம ஓடியிருக்கும். அந்த பஸ் எனக்கு எதிர்ல வந்திருந்தா? எங்கம்மாகிட்ட போயி என்ன சொல்லியிருப்பீங்க? நீங்கல்லாம் ஒரு மனுஷனா சார்?"

அவர் சாக்கடை விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"தப்புதான். பாலாறு வேலைய நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

"நான் ஜெயிச்சதை நீங்க தானம் பண்ணாதீங்க. ஏறுங்க பின்னாடி."

ஆர்எக்ஸைச் சாக்கடையிலிருந்து இழுத்து ஓரமாகப் பூட்டிவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, ஊருக்குள் புகுந்து, விஜயநகர் போய்ச் சேர்ந்தேன். பந்தயம் என்னாச்சு என்று பார்க்க ஆபீஸ் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். முனிராஜ் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தான்.

"என்னாச்சு சார்? மாடு கீடு குறுக்க வந்துச்சா?"

அழகான பொய், கையிலேயே கொடுத்துவிட்டான். நான் திரும்பி உதயகுமாரைப் பார்த்தேன். அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"மாடும் வரல, ஒண்ணும் வரல. சிஸ்டர் தடுமாறணும்னு ஒரு விஷயத்த மறைச்சேன். விழுந்தது நான். இந்த வாரத்துலேர்ந்து பாலாறுக்கு அவங்கதான் போறாங்க."