பன்னிரண்டு கட்டம், ஆறு நைட்டி

ஐந்தாவது நைட்டியை உதறிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். மகள் என்று தையல்காரி மனசுக்குள்தான் சொல்லிக்கொள்வாள். அவள் கணவனுடைய முதல் தாரத்துப் பெண். இந்த வீட்டுக்குத் தையல்காரி வந்து இரண்டு வருஷம் ஆகிறது; அந்தப் பெண் வாயிலிருந்து "இங்க பாருங்க" என்பதைத் தவிர அம்மா, சித்தி என்று ஒரு முறைச்சொல் வந்ததில்லை. பரவாயில்லை என்று வெளியே சொன்னாலும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையோடு எதிரே வந்து நின்று அதை அவிழ்த்தாள். உள்ளே இறந்துபோன அம்மாவின் ஆறு பருத்தி நைட்டிகள். "இதுல துண்டு துண்டா வெட்டி ஒட்டுப் போர்வை தெச்சுத் தருவீங்களா? அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகணும்."

தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டம் போட்ட தாளை விரித்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாசம் ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றும் ஒட்டுப் போர்வைக்கென்றே உள்ள ஒரு பழைய காலத்து வெளிநாட்டு டிசைன். கை பழக முதலில் ஒன்பது சதுரம், அப்புறம் நட்சத்திரம், பறக்கிற வாத்து, கரடிப் பாதம், கடைசி மாசம் மரக்கட்டை வீடு. எல்லாவற்றுக்கும் நடுவில் அம்மாவின் சிவப்பு நைட்டி வரட்டும் என்று பெண் கலர் பென்சிலால் தீட்டினாள். "இதுவா கரடிப் பாதம்? பல்லி கால் மாதிரி இருக்கு" என்று சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே தையல்காரி ஒரு வாரத்தை ஓட்டினாள்.

இன்று கடைக்கு லீவு. நனைக்காத துணியில் அவள் கத்தரி வைக்கமாட்டாள். ஒரு துணி சுருங்கும், இன்னொன்று சுருங்காது, தைத்த பிறகு இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் சோப்புத்தூள் போட்டு, இரண்டு தண்ணீரில் நன்றாக அலசினாள்.

பெண் கொடியைப் பார்த்தாள். புத்தகப்பை தோளிலிருந்து நழுவியது. ஈரத் துணியில் முகத்தை வைத்து இழுத்து மோந்தாள். அடுத்த நைட்டியில் வைத்தாள். அதற்கடுத்ததில்.

"துவைச்சுட்டீங்களா?"

"ஆமாம்மா, வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சாத்தான்..."

"மூணு வருஷமா அந்தப் பையை நான் அவுக்கவே இல்ல. அம்மா வாசனை போயிடும்னு. உங்ககிட்ட குடுக்கறதுக்காகத்தான் அவுத்தேன்."

தையல்காரி தன்னையே வைதுகொண்டாள். அடிப் பாவி, இருபது வருஷம் மிஷின் மிதித்தவளே, மூக்கை எங்கேடி அடகு வைத்தாய்? "தப்புதாம்மா. யோசிக்கவே இல்ல" என்றாள். அந்தப் பெண் கத்தியிருந்தாலாவது தேவலை. அழக்கூட இல்லை.

"சிவப்பு?"

"அது சாயம் விடும்னு தனியா வெச்சேன். உள்ள பையிலயே இருக்கு."

பெண் உள்ளே ஓடினாள். தையல்காரி போய்ப் பார்த்தபோது பையின் வாயைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "போர்வை வேணாம்" என்றாள்.

தையல்காரி தாளை எடுத்துக் கீழே உட்கார்ந்து, பன்னிரண்டு கட்டத்தின் நடுவிலும் இருந்த சிவப்பை ரப்பரால் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். கலர் பென்சில் லேசில் போகவில்லை. தாள் நைந்தது.

"அங்க என்ன வரும்?" என்று கேட்டாள் பெண்.

"ஒண்ணும் வராது. அந்தச் சிவப்பு உன்னுது. நான் தொடமாட்டேன்."

ஏழாவது கட்டத்தில் ரப்பர் உடைந்தது. பெண் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். பையின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து தையல்காரியின் முகத்தெதிரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. எது போச்சுன்னு உங்களுக்கும் தெரியணும்."

தையல்காரி குனிந்தாள். தலைக்கு வைத்த எண்ணெய், பவுடர், அடியில் மருந்து நெடி. பார்த்தே இராத ஒருத்தி சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. பெண் இரண்டு கையாலும் பையின் வாயை அவள் கன்னத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உள்ள மூச்சு விட்டுடாதீங்க."

இழுத்த மூச்சை எங்கே விடுவதென்று தெரியாமல், கண்ணில் நீர் முட்ட, தையல்காரி அப்படியே அடக்கிக்கொண்டிருந்தாள்.