முதல் வாய்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதைச் சாப்பிட்டாலும் அதன் முதல் வாயின் ருசி அவருக்குக் கிடைக்காது. அது அவருடைய தங்கைக்குப் போய்விடும். அவர் கடையில் உட்கார்ந்து டீயை உறிஞ்சினால், நாலைந்து தெரு தள்ளி முழங்கை வரை மாவோடு நிற்கும் தங்கையின் நாக்கு இனிக்கும். அவருக்கு அந்த முதல் மடக்கு வெறும் வெந்நீர். இரண்டாவது மடக்கிலிருந்துதான் அது டீ. ரொட்டியானாலும் சூப்பானாலும் இருமல் மருந்தானாலும் இதே கதைதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால் மட்டும், மார்க்கெட்டுக்கு வழி சொல்வதுபோல இதையும் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் தங்கையின் வாய்தான். சின்ன வயதில் என்ன வேண்டுமென்று கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பாள். அண்ணன் கையில் பன் வந்து சேர்ந்ததும் "ஒரு வாய் குடேன்" என்று எதிரே வந்து நிற்பாள். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ஆள் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் இவளுடைய ஒரு வாய் லேசுப்பட்டதல்ல. அவள் கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பன்னில் பல் தடம்தான் பாக்கி இருக்கும். அண்ணன் எத்தனை அழுதாலும் அம்மாவின் தீர்ப்பு மாறாது: "குடுத்துட்டு சாப்பிடுப்பா." அப்படியே வளர்ந்தார்கள். கண்ணாடித் தொழில் படிக்க வெளியூர் போன அண்ணன், ஹாஸ்டல் வாசலில் முதல் டீயை வாயில் வைத்தபோது சப்பென்றிருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை சப்புக்கொட்டினாள். சாயங்காலம் போனில் "இஞ்சி டீயா குடிச்சே? இஞ்சி ஜாஸ்தி" என்றாள். அம்மா ஆச்சரியப்படவில்லை. "அவ்வளவு தூரத்துல இருந்தும் குடுத்துட்டுதான் சாப்பிடறான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து கையால் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை, அவருக்கும் முதல் கடியிலேயே ருசி தெரியும். தூரத்தில் இருந்தால்தான் அது தானாகக் கிளம்பிவிடும்.

அம்மா போன பிறகு தங்கை அதே வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுட்டு விற்க ஆரம்பித்தாள். சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு அவன், அதாவது கேக் சுடும் கரண்ட் அடுப்பு, வந்து சேர்ந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் அதிகம் அடிபட்ட பேச்சு அதைப் பற்றித்தான். "அவன் இன்னும் சூடாகல", "அவன் இன்னிக்கு சரியில்லக்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் புலம்புவதைக் கேட்டுவிட்டு, தெருவில் போகிறவர்கள் யாரோ ஒரு முரடனோடு மல்லுக்கட்டுகிறாள் என்று நினைத்தார்கள். கேக் என்னவோ அருமையாக வந்தது. எலுமிச்சைக் கிரீமை அவள் ருசி பார்க்கும் நேரம் பார்த்து அண்ணன் வெங்காயத்தைக் கடித்து வைப்பார் என்பதுதான் பிரச்சினை. கொஞ்சம் பொறுத்து, வாய் கொப்பளித்து, மறுபடி பார்ப்பாள். அதுதான் அவளுடைய வழக்கம்.

அண்ணன் கல்யாணத்தன்று அந்த வழக்கம் தப்பிவிட்டது. அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுக்குக் கேக்குக்கு மாவைக் கலக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்த நேரத்தில், புதுச் சட்டை பித்தானைப் போட்டபடி, மாப்பிள்ளை சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். மாவு தித்தித்தது. பிரமாதம் என்று அதை அவனுக்குள் தள்ளி மூடிவிட்டாள். சர்க்கரை டப்பா அலமாரியில் திறக்கப்படாமலே இருந்தது. பெண் வீட்டுப் பெரியவர்கள் மேலே இருந்த கிரீம் தீரும்வரை சிரித்த முகமாக இருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மரியாதைக்காக மென்றார்கள். புது மச்சான் ஒருவர் மட்டும் தண்ணீர் கேட்டார்.

"என் மானத்தையே வாங்கிட்டியே" என்றார் அண்ணன்.

"அந்நேரம் யாரு உன்னை டீ குடிக்கச் சொன்னா?" என்றாள் தங்கை.

"இனிமே உன் கையால ஒரு வாய் தொட மாட்டேன்."

"உன் வாயும் எனக்கு வேண்டாம், போ."

இருவரும் சொன்னதை நாக்குகள் சட்டை செய்யவில்லை. அவர் சாப்பிட்டது வந்துகொண்டேதான் இருந்தது. கோபத்தில் அவர் ஒவ்வொரு சாப்பாட்டையும் பச்சை மிளகாயில் ஆரம்பித்தார். அவருக்கு அது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும். தங்கை தன் வீட்டில் தண்ணீரைத் தேடி ஓடுவாள். அவளால் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, அது ஒருவழிப் பாதை. ஆத்திரம் தீர, அண்ணன் என்று சொல்வதையே விட்டுவிட்டாள். பேச்சில் வந்தே தீரவேண்டுமென்றால் 'அவன்' என்பாள். அவள் திட்டுவது அடுப்பையா ஆளையா என்று பக்கத்து வீட்டு அக்கா குழம்பிப்போய், பொதுவாகத் தலையாட்டி வைப்பாள்.

மிளகாய் எப்போது நின்றது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவள் வாயில் சர்க்கரை போடாத கெட்டிக் காப்பி கசந்தது. அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். அண்ணனோ சர்க்கரை இல்லாத காப்பியை மோந்துகூடப் பார்க்காதவர். டாக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் கசந்தது, அதற்கு மறுநாளும். அப்படியே வருஷங்கள் ஓடின. அவருக்குச் சளி பிடித்ததும், பல் பிடுங்கியதும், மழைக்காலம் முழுக்கத் தக்காளி சூப் குடித்ததும் அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டில் அவர் எதிரே வந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவரும் அப்படியே. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஒரு வருஷம் ஊரில் விஷக் காய்ச்சல் வந்தது. தங்கையின் நாக்கில் மாத்திரை கசந்தது, பிறகு கஞ்சி, மறுபடி மாத்திரை, மறுபடி கஞ்சி. போய்ப் பார்க்கலாமா என்று செருப்பை மாட்டுவாள், பிறகு கழற்றிவிடுவாள். அப்புறம் ஒரு காலையில் ஒன்றுமே வரவில்லை. காப்பி வரவில்லை, மாத்திரைகூட வரவில்லை. பால் பன்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். மதியமும் நாக்கு சும்மா கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாய்க்குள் அவள் மட்டும் இருந்தாள். அந்த வெறுமை தாங்காமல், "அக்கா, அவனுக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா" என்று கத்தி அழுதாள்.

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் ஓடி எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தாள். அவர் திருப்புளியும் டெஸ்டருமாக வந்து, நல்ல கணகணப்பில் இருந்த அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா அழறீங்க?" என்றார்.

"இது இல்ல. எங்கண்ணன்" என்றாள் அவள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

எலக்ட்ரீஷியன் டெஸ்டரைப் பையில் சொருகிக்கொண்டு, "ஏறுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். கைக்கு அகப்பட்ட பன்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்த அண்ணிக்கு அவளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. காய்ச்சல் விட்டுப் பல நாளாகிறது, ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று சொன்னாள். "ஒரு வாய் வைப்பார், மண்ணு மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளிடுவார். நேத்து ராத்திரியிலேருந்து அந்த ஒரு வாயும் இல்ல. இன்னிக்கும் சாப்பிடலேன்னா மூக்கு வழியா குழாய்தான்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார்." உள்ளே போகிற வழியில் தானாகவே இன்னொன்றும் சொன்னாள். "காப்பியில சர்க்கரை போடறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு குடிச்சுட்டுத்தான் தருவார், அப்புறம்தான் நான் போடணும். ஏங்க இப்படின்னு கேட்டா, 'அவளுக்குக் கசப்பாதான் பிடிக்கும்'னு சொல்வார்."

தங்கை நடையிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வேளைக்கு ஒரு வாய் கஞ்சிதான் அவர் குடித்திருக்கிறார். அந்த ஒரு வாயின் உப்பும் சூடும் மணமும் அவளிடம் வந்திருக்கின்றன. அவர் பாவம் வெறும் சக்கையை விழுங்கியிருக்கிறார்.

அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகெலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அவள் பன்னைப் பிய்த்து வெதுவெதுப்பான பாலில் போட்டு, கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "வந்துட்டியா" என்றார், நேற்றுச் சண்டை போட்டவளிடம் கேட்பதுபோல. அவர் மேல் எவ்வளவு பிரியம் என்பது அந்த எலும்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஒரு வாய் குடேன்" என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். சின்னதாகத்தான் கடித்தாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார். மெல்வது நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் எங்கும் போகாமல் அவரிடமே இருந்தன.

"இன்னொரு வாய் குடு" என்றார்.

வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அழுதுகொண்டே ஊட்டினாள். அண்ணி அடுத்த பன்னுக்குப் பாலைச் சுட வைத்தாள். வாசலில் நின்ற எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு பன் போனது.

அண்ணன் தேறிக் கடையைத் திறக்கும்வரை ஒவ்வொரு வேளையும் அவள் போய் முதல் வாயைக் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இப்போது அவர் அவர் வீட்டில், இவள் இவள் வீட்டில். முதல் வாய் பழையபடி தெருக்களைத் தாண்டி வருகிறது. ஆனால் காலையில் காப்பி கசக்கும்வரை அவள் அவன் சுவிட்சைப் போடுவதில்லை. உப்பிய மாவைத் துணியால் மூடி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வாயில் ஒன்றும் போடாமல் காத்திருப்பாள். கசந்ததும் "அண்ணா எழுந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக் கடைக்காரர் அசந்து தூங்குவார் என்பதால் ரொட்டி தாமதமாகும். வாசலில் பையோடு நிற்பவர்களில் புதியவர் யாராவது பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்த்தால், முன்னால் நிற்பவர் திரும்பி, "அவங்க அண்ணன் இன்னும் காப்பி குடிக்கலையாம்" என்று சொல்லிவிட்டு, பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொள்வார்.