பெட்டிக்கு நெற்றி எது?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மெஷின் நின்றுபோனால் எனக்கு மெஷின் மேல் கோபம் வராது. அதைச் சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் மேல்தான் வரும். அந்த விஜயதசமி வெள்ளிக்கிழமை காலையில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் நாமக்கல்லில் எங்கள் முதலாளி தங்கசாமி தன் லாரி ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எதற்கு வாங்கினார் என்றால், திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் அவருடைய சம்பந்தி ஒன்று வாங்கிவிட்டார், அதற்குத்தான். வாங்கிய பிறகுதான் அதை ஓட்ட ஆள் வேண்டுமே என்று தேடினார். லாரி ஆபீசில் எதையுமே ஓட்டுவதுதான். நான் சேலத்தில் ஆறு மாதம் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் படித்தவள். பெயர் சௌந்திரம். வேலை கிடைத்தது.

வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. ஆபீசில் சுழலும் நாற்காலியே இருந்தது. அதில் உட்கார்ந்து நான் தட்டினால் பிரிண்டர் கரகரவென்று பில் அடித்துத் தள்ளும். டிரைவர்கள் வாசலிலேயே நின்று, "பில்லு ஆச்சுங்களா அம்மிணி?" என்று கேட்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சில நாள் கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கிறேன்.

ஆனால் முதலாளிக்கு அந்தப் பெட்டி மேல் நம்பிக்கை வரவில்லை. மழைக்காலத்தில் இரண்டு தடவை நின்றுபோனது. உடனே ராசி பற்றிய பேச்சு வந்துவிட்டது. லாரியானாலும் மாடானாலும் ராசி பார்க்கிற மனுஷன் அவர். ஆயுதபூஜைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"இங்க பாரு அம்மிணி. விஜயதசமிக்கு மொத லோடு கெளம்பறப்ப பில்லு இந்தப் பொட்டியில வரோணும். ராகு காலத்துக்கு முன்னால வந்துட்டா இருக்கட்டும். வல்லீனா சேலத்துக்காரனுக்கே திருப்பி அனுப்பிச்சர்றேன். நீயும் பாவம், தெனமும் பஸ்ஸுல அலையாம ஊட்டோட இருந்துக்கலாம்."

கடைசி வாக்கியத்தை எனக்கு நல்லது செய்கிற மாதிரி சொன்னார்.

பெட்டிக்கு இருந்த ஒரே சிநேகிதி முதலாளியின் சம்சாரம் காளியாத்தாள் அக்கா. ஆபீஸ் கீழே, அவர்கள் வீடு மாடியில். மத்தியானம் சமையல் முடிந்ததும் இறங்கி வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்ன சொல்லுது சாமி?" என்று கேட்பார். பிளாப்பியை எந்தப் பக்கமாகச் செருகுவது, எப்படிக் கதவை மூடுவது என்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார். பிளாப்பி என்பது சதுரமான கறுப்பு அட்டை. அட்டைக்குள் வட்டமாக ஒரு மெல்லிய தகடு சுழலும். அட்டையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாகத்தான் மெஷின் தகட்டில் உள்ளதைப் படிக்கும். எங்கள் பெட்டிக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. தினமும் காலையில் பிளாப்பியைப் படித்துத்தான் தான் யார் என்றே தெரிந்துகொள்ளும்.

பூஜையன்று நான் ஆபீசில் இல்லை. எங்கள் வீட்டு மோட்டார் பம்புக்கும் தறிக்கும் பொட்டு வைக்க ஊரில் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் வந்தபோது வாசலில் முட்டை லோடு ஏற்றிய லாரி வாழைமரம் கட்டி நின்றது. பாலக்காடு போகிற வண்டி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் கந்தன் ஏறி உட்கார்ந்துவிட்டான். பில் மட்டும்தான் பாக்கி. பத்தரைக்கு ராகு காலம்.

உள்ளே பெட்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடித் திரையில் பொட்டு இல்லை. பரவாயில்லை, புத்தியுள்ள யாரோ பூஜை செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மாலையைக் கழற்றி வைத்தேன். பிளாப்பிகூட ஏற்கனவே செருகி, கதவு மூடி இருந்தது. காளியாத்தாள் அக்கா வேலைதான். தட்டில் பொரியும் சந்தனக் கிண்ணமுமாக மாடிப்படியில் நின்று சிரித்தார்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சத்தம் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

"பேட்டரி டவுனாயிருச்சாட்ட இருக்குது," என்றான் மாரியப்பன். லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கு உலகத்தில் எல்லாமே லாரி.

"இதுக்கு பேட்டரி கெடையாது. கொஞ்சம் தள்ளி நில்லு."

"தள்ளி உட்டா ஸ்டார்ட் ஆகுங்களா?" என்றான் ஒரு கிளீனர். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காது சூடானது.

சேலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து ஆரம்பி, பெட்டியில் முடி. மாரியப்பனின் டெஸ்டரை வாங்கிச் சுவர் பிளக்கில் வைத்தேன், எரிந்தது. சுவரில் கரண்ட் இருக்கிறது. அடுத்தது ஸ்டெபிலைசர். எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும், அதனால் பெட்டிக்கு முன்னால் ஸ்டெபிலைசர் இல்லாமல் முடியாது. அதன் முள் எழாமல் கீழேயே கிடந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் அதிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு ஜன்னல் வழியாகச் சாமி படத்துக்குப் போயிருந்தது. சீரியல் பல்பு.

"இதுல யாரு சீரியல் செட்டு மாட்டுனது?"

மாரியப்பன் தலையைச் சொறிந்தான். "நாந்தானுங்க. பல்பு ஏறி எறங்காம நல்லா எரியட்டும்னு... ராத்திரி டப்புன்னு அணைஞ்சிருச்சுங்க."

சீரியல் செட்டில் ஷார்ட் ஆகி ஸ்டெபிலைசரின் ஃபியூஸ் போயிருந்தது. மாரியப்பன் அதே நிமிஷம் லாரி வயர் ஒன்றைச் சீவி எடுத்துவந்தான், இதைப் போட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகாது என்று. ஃபியூஸ் போகவேண்டும் என்பதற்காகத்தான் இருக்கிறது, அது போகாவிட்டால் பெட்டி போய்விடும் என்று அவனுக்குச் சத்தமாகவே விளக்கினேன். முகம் சுருங்கினாலும், போய் லைட்டுக்குப் போடுகிற மெல்லிய கம்பியைக் கொண்டுவந்து அவனே நன்றாகச் சுற்றிக்கொடுத்தான். முள் மெல்ல மேலே ஏறியது.

மறுபடி சுவிட்ச். விசிறி சுற்றியது. பீப் என்று ஒரு சத்தம். கூட்டத்தில் ஒரு ஆசுவாசம். பிளாப்பிக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன்பின் வரக் வரக் என்று, அம்மிக்கல் கொத்துகிற சத்தம். திரையில் பச்சை எழுத்து வந்தது: சரியான பிளாப்பி இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டு.

தட்டினேன். வரக் வரக். அதே எழுத்து. இன்னும் ஒரு தடவை. அதே எழுத்து. வாசலில் கந்தன் ஹாரன் அடித்தான்.

"அம்மிணி," என்றான் மாரியப்பன், இந்தத் தடவை பயந்து பயந்து. "செல்ப் எடுக்குது. இஞ்சின் புடிக்கலீங்க. டீசல் வரலையோ என்னமோ."

கோபமாகத்தான் திரும்பினேன். ஆனால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கரண்ட் பக்கம் முடிந்துவிட்டது, இனி அதை நோண்டுவது வீண். டீசல் என்றால் பிளாப்பி. கதவைத் திறந்து பிளாப்பியை உருவினேன்.

அந்த நீளத் திறப்பின் நடுவே சந்தனம். அதன்மேல் குங்குமம். தகடு சுற்றிய சுற்றில் அது வட்டமாக இழுபட்டிருந்தது.

மேஜை இழுப்பறையில் வைத்திருந்த மற்ற பிளாப்பிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அழகாக, ஒரே அளவில் ஒரு பொட்டு. செருகியிருந்த பிளாப்பிக்கு நான் எடுத்துவைத்திருந்த நகல்கூடத் தப்பவில்லை. பிரிக்காத புதுப் பிளாப்பி டப்பாவுக்கு மட்டும் வெளியே அட்டையில் வைத்திருந்தது.

"எந்தக் கூறுகெட்டது இந்த வேலையப் பண்ணுச்சு?" என்று கத்திவிட்டேன்.

மாடிப்படியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"நாந்தான் வெச்சேன் சாமி. கண்ணாடியில வெச்சா அழுக்காயிருமுன்னு உட்டுட்டேன். சரஸ்வதி பூசைக்கு நோட்டுக்கெல்லாம் வெக்கறமில்ல, இதும் நோட்டுத்தானேன்னு... அந்த எடம் பொட்டு வெக்கறதுக்குன்னே தெறந்து உட்டாப்பல இருந்துச்சு."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். இந்த ஆபீசில் பெட்டியை ஆசையாகப் பார்த்த ஒரே ஜீவனை நாலு பேர் முன்னால் கூறுகெட்டது என்று சொல்லிவிட்டேன். அதைவிட மோசம், முதலாளியின் முகம். அவருக்குக் கோபமில்லை. முடிவெடுத்துவிட்ட முகம் அது.

"பொட்டு வெச்சதுக்கு நின்னு போச்சா?" என்றார் மெதுவாக. "அப்ப அது நமக்கு ஆவாது அம்மிணி. சாமி பொட்டு ஆகாத பொருளு ஊட்ல இருக்கக்கூடாது. கந்தா, எறங்கி வா, பில்லு கையிலயே எழுதிக்கலாம்."

நாற்காலி, பிரிண்டர், வாசலில் நின்று அம்மிணி என்று கேட்கிற குரல், எல்லாம் என் கண் முன்னால் சேலம் பஸ் ஏறிப் போவது தெரிந்தது. அழுதால் பேசமுடியாது என்பதால் பேசிவிட்டேன்.

"ஏனுங்க, பொட்டு ஆவாதுன்னு அது சொல்லவே இல்லீங்க. இது அதோட கண்ணுங்க. இது வழியாத்தான் படிக்கும். நெத்தியில வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. குங்குமத்தக் கண்ணுல அப்புனா உங்களுக்கும் எனக்கும் மட்டும் கண்ணு தெரியுங்களா?"

முதலாளி யோசித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான், நியாயம் என்று பட்டால் நிற்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் காளியாத்தாள் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அட கெரகமே, கண்ணா அது? எரிஞ்சிருக்குமே. என்ன பண்ணோணும் சொல்லு சாமி. கழுவி உட்றலாமா?"

கழுவித்தான் விடவேண்டும். முதல் பிளாப்பி ஏற்கனவே அரைபட்டுவிட்டது, அதை ஓரம் வைத்தேன். நகல் பிளாப்பி இன்னும் சுற்றவில்லை, பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. பிளேடால் அட்டையின் ஓரத்தை அறுத்துத் தகட்டை உருவினேன். அக்கா குடத்துத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து சன்னமாக ஊற்ற, பச்சைக்குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி விரல் நுனியால் கழுவினேன். அவருடைய பழைய நூல் சேலைத் துணியில் ஒற்றி, மாரியப்பன் டேபிள் ஃபேனைப் பிடிக்கக் காயவைத்தேன்.

பெட்டிக்குள்ளும் சந்தனம் அப்பியிருக்குமே. துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றேன். முதலாளிக்குச் சர்க்கரை, தினமும் ஊசி. அவரே மாடிக்குப் போய் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்குமாற்றுக் குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து உள்ளே விட்டேன். குச்சி குங்குமச் சிவப்பாக வெளியே வந்தது. பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன்.

புது டப்பாவிலிருந்து ஒரு பிளாப்பியைப் பிரித்து, அதன் அட்டையைக் காலி செய்து, கழுவின தகட்டை அதற்குள் நுழைத்தேன். செருகினேன். கதவை மூடினேன். சுவிட்ச்.

விசிறி. பீப். சிவப்பு விளக்கு. சர்ர் சர்ர் என்று, இந்தத் தடவை பட்டுத்துணி இழுக்கிற சத்தம். திரையில் எங்கள் பெட்டி தன் பெயரைச் சொல்லித் தேதி கேட்டது. நான் விஜயதசமித் தேதியை அடித்தேன்.

பில்லை அடிக்கிற புரோகிராம் பிளாப்பியையும் அதேபோலக் கழுவிக் காயவைத்தோம். இரண்டாவது என்பதால் சீக்கிரமே முடிந்தது. பிரிண்டர் கரகரவென்று தள்ளிய பில்லை முதலாளி பிடுங்காத குறையாகக் கிழித்து வாங்கினார். கந்தன் கற்பூரத்தைச் சுற்றி, வண்டியை எடுத்தான். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின. கோட்டை முனையில் வண்டி திரும்பியபோது ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

முதலாளி திரும்பி வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "செரி, இருந்துட்டுப் போவுட்டும் பொட்டி," என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பொட்டி மட்டும் இருந்து?" என்றார் காளியாத்தாள் அக்கா. "கண்ணு எது, நெத்தி எதுன்னு தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கோணுமுங்க. இல்லீனா அடுத்த வருசமும் நான் எங்கியாச்சும் அப்பி உட்ருவேன்."

"அம்மிணி எங்க போவுது? அதும் இருக்கட்டும்," என்றார் முதலாளி, மாடிப்படி ஏறிக்கொண்டே.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "இப்பச் சொல்லு. இதுக்கு நெத்தி எது?" திரைக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் விளிம்பைக் காட்டினேன். நடுவாகப் பார்த்து, அளவாக ஒன்று வைத்தார். விரலில் மிச்சம் இருந்தது. என்னைத் திருப்பி, என் புருவத்துக்கு நடுவில் அதை வைத்து அழுத்தினார்.

"இந்தக் கோவக்காரிக்கு நெத்தி எதுன்னு எனக்கே தெரியும்," என்றார்.