மூன்றாவது பட்டன் போன்

மரியகுழந்தைக்கு அந்த போனைத் தொடவே அருவருப்பாக இருந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வெள்ளைப் பிளாஸ்டிக் ஊத்தைப் பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. ஐந்தாம் நம்பர் பட்டனை அமுக்கினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஹேர்பின்னால் நெம்பி எடுக்கவேண்டும். காதில் வைத்தால் எதையோ எண்ணெயில் பொரிக்கிற சத்தம். வீட்டுக்கு டெலிபோன் லைன் வந்த பிறகு இது மூன்றாவது.

பையில் போட்டுக்கொண்டு, அதை விற்ற ராஜப்பாவின் கடைக்கு ராபர்ட்சன்பேட்டை போனாள். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"இதெல்லாம் ரிப்பேர் ஆவாதும்மா. புது மாடல் வந்துகீது, பாட்டெல்லாம் பாடும்."

"பாட்டு இன்னாத்துக்கு? பூனாவுல கீற எம் பொண்ணு பேசறது கேக்கணும்."

அந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் மணி அடித்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மணி. ராஜப்பா குனிந்து எடுத்தார். கறுப்பு டயல் போன். ரிசீவர் மட்டுமே சுத்தியல் கனம். கண்ணாடி அலமாரி நிறையப் புது போன்களை அடுக்கி வைத்திருந்த மனுஷன், அதில் நிம்மதியாகப் பேசி முடித்தார்.

அவள் பையை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள். "த்தூ! ஊருக்கெல்லாம் இந்தக் குப்பை, உனக்கு மட்டும் அதுவா?"

ராஜப்பா அசடு வழிந்தார். "கோல்டு மைன்ஸ் மூடினதும் அங்கத்து ஆபீஸ் போனு, சாமானெல்லாம் ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடைக்கு வந்துச்சும்மா. இன்னும் கெடக்குது, போய்ப் பாருங்க."

போனாள். துருப்பிடித்த பீரோக்களுக்குப் பின்னால் கறுப்பு போன்கள் குவிந்து கிடந்தன. எலிப் புழுக்கை, ஒன்றின் மேல் காய்ந்த வெற்றிலை எச்சில். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு டயலாகச் சுற்றிப் பார்த்தாள். ஒன்று தடங்கலில்லாமல் திரும்பி வந்தது; அதை வாங்கிக்கொண்டாள். வீட்டில் ரிசீவர் மூடியைத் திருகியபோது செத்த கரப்பான் மடியில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். பேக்டரியில் எலக்ட்ரீஷியனான புருஷன் கொர்னேலியஸ் வயரை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மணி அடித்தது. மகள் ரெபேக்கா.

"அம்மா, இன்னாத்துக்குக் கத்தறே? நல்லாக் கேக்குது."

"உடம்பு எப்டிகீதுடி?"

"பரவால்லம்மா, வாந்தி நின்னுடுச்சு. நாலாவது மாசம் ஆயிடுச்சே."

"நாலாவது மாசமா! ஏன்டி சொல்லல?"

"ரெண்டு வாட்டி சொன்னேன். நீ 'சரி சரி, அங்க மழையா'ன்னு கேட்டே. அம்மாவுக்குச் சந்தோஷமே இல்லன்னு அழுதுட்டுக் கெடந்தேன்."

மரியகுழந்தை மூலையில் கிடந்த பழைய பட்டன் போனை முறைத்தாள். எவ்வளவு பெரிய சேதியை விழுங்கிவிட்டு, பொரியல் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது அந்தச் சனியன்!

"எனக்கு எதுவுமே கேக்கலடி, கண்ணு" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

ரெபேக்கா சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.