கரியில் வரைந்த நாற்காலி

ராஜாம்பாள் ஆலைக்கொட்டாயின் முன்னால் கரும்புச் சக்கையைக் காலால் விலக்கிவிட்டுக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பிழிந்த சக்கை ஈரத்தோடு ஈ மொய்க்கக் கிடந்தது. அது காய்ந்தால்தான் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை அடுப்பு எரியும். கொட்டாய்க்குள் ஆதிமூலம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். மணலூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் அத்தனை நேரம் போன் பேசுகிற ஆலைக்காரர் வேறு யாருமில்லை. யாரிடம் பேசுகிறார் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பெண்டாட்டியிடம் இல்லை என்று தெரு உறுதியாகச் சொன்னது.

கண்ணகி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கள்ளக்குறிச்சியில் ஊனமுற்றவர்களுக்கு உதவுகிற சங்கத்தில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் வரைந்தது, செய்தது எல்லாவற்றையும் வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறாள். அன்றைய சாப்பாட்டுச் செலவை ஆதிமூலம் ஏற்றுக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வந்தவள், சும்மா போகாமல், உங்கள் ஆலையில் வேலை பார்த்த மாயவன் எப்படி வரைந்திருக்கிறார் பாருங்கள் என்று தன் போனை நீட்டினாள்.

ராஜாம்பாளின் கால் நின்றுவிட்டது. மாயவன் அவள் புருஷன். ஆதிமூலம் படத்தைப் பார்த்தார். விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன்னுடைய போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அவர் போனை அணைத்து அவள் பார்த்ததே இல்லை.

மாயவன் மூன்று வருஷத்துக்கு முன்பு அதே கொட்டாயில் உருளைக்குக் கரும்பு சொருகிக்கொண்டிருந்தவன். ஒருநாள் கரும்பு கோணலாகப் போய்ச் சிக்கியது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். மும்முனை கரண்டு போவதற்குள் வண்டிக் கரும்பு முழுவதையும் பிழிந்தாக வேண்டும். ஆதிமூலம் காதிலிருந்து போனை எடுக்காமலே இடது கையைத் தூக்கி, ஓடட்டும் என்று ஆட்டினார். மாயவன் கையால் தள்ளிப் பார்த்தான். வலது கை முழங்கை வரை போய்விட்டது.

குடித்திருந்தான் என்றார் ஆதிமூலம். கல்யாணத்தில்கூட சோடா கேட்டு வாங்கிக் குடிக்கிறவன் மாயவன். அதற்காகவே அவனுக்கு சோடா மாயவன் என்று பெயர் வைத்துச் சிரித்த தெரு அது. அந்தத் தெருவே, ஆமாம், அன்றைக்கு வாடை வந்தது என்றது. தெருவில் பாதிப் பேருக்கு ஆலையில் வேலை. மீதிப் பேருக்கு வேலை கிடைக்கும் என்ற நினைப்பு.

வேலை போனவன் இடது கையால் வரையக் கற்றுக்கொண்டான். ஆலை அடுப்பிலிருந்து ராஜாம்பாள் முந்தானையில் முடிந்து வருகிற கரிதான் அவனுக்குப் பென்சில். தன் வீட்டுச் சுவர் முடிந்ததும் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனான். மாட்டின் கால் சரியில்லை, தென்னை சாய்ந்திருக்கிறது என்று தெரு அபிப்பிராயம் சொன்னது. தன்னை வரைந்ததில் மூக்கைப் பெரிதாக்கிவிட்டான் என்று பக்கத்து வீட்டு ராசு சண்டைக்கே வந்தான். ராசுவின் மூக்கு அப்படித்தான் இருக்கும்.

கண்ணகி கெட்டி வெள்ளை அட்டைகள் கொடுத்த பிறகு மாயவன் மற்ற எதையும் வரையவில்லை. கொட்டாய், உருளை, குனிந்து கரும்பு சொருகுகிற ஆள். பின்னால் ஒரு நாற்காலி. அதில் ஓர் ஆள், காதில் போன், தூக்கிய கை. அந்த ஆளுக்கு முகம் போடவில்லை. போடாமலே யாரென்று தெரிந்தது. எதற்கு இந்த வேலை என்று ராஜாம்பாள் கேட்டபோது மாயவன் சொன்னான்:

"கள்ளக்குறிச்சில மாட்டட்டும். குடிச்சவன் இத்தினி வெவரமா ஞாபகம் வச்சிருப்பானான்னு நாலு பேரு கேக்கட்டும்."

அன்று சாயங்காலம் ஆலை மேஸ்திரி பச்சமுத்து வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே வெயிலைப் பற்றிப் பேசினான், வெல்லம் விலை இறங்கியதைப் பற்றிப் பேசினான். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவன் தண்ணீர் கேட்டால் ஏதோ இருக்கிறது என்று ராஜாம்பாளுக்குத் தெரியும்.

"படம் நல்லாத்தான் கீதாம். மொதலாளியே சொன்னாரு. அந்த நாற்காலில குந்திக்கினு கீற ஆளு மட்டும் வேணாமாம்."

பச்சமுத்து ராஜாம்பாளைப் பார்த்துச் சொன்னான்:

"அடுத்த வாரம் ஆளைக் கம்மி பண்றாங்கம்மா. யாருன்னு இன்னும் முடிவு பண்ணல."

அவன் போன பிறகு அடுப்பில் உலை கொதித்தது. எதிர்வீட்டு ஆயம்மாள் உப்பு கேட்கிற சாக்கில் வந்து, உப்பை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்று, என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு ஆளைத் துடைத்தால் என்ன குறைந்துவிடும், மாடு கன்று எத்தனை இருக்கிறது வரைய என்று புத்தி சொன்னாள். அவள் மகனும் ஆலையில்தான் இருந்தான்.

ஆயம்மாள் போனதும் ராஜாம்பாள் அட்டையை எடுத்து விளக்கடியில் வைத்தாள்.

"நீயே தொடச்சிடுய்யா."

"நா தொடைக்க மாட்டேன்."

"என் வேலையும் போச்சின்னா இன்னா பண்றது?"

மாயவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கை இருந்தபோதும் கோபம் வந்தால் அப்படித்தான் படுப்பான்.

ராஜாம்பாள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு துடைத்தாள். முதலில் போன் போனது. அப்புறம் தலை. தூக்கிய கை சீக்கிரம் போகவில்லை. அழுத்தி வரைந்திருந்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கலங்கியது. நாற்காலி மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணகி அனுப்பிய வேனில் இருவரும் போனார்கள். மண்டபம் நிறைய ஆட்கள். வெள்ளிமலையிலிருந்து காது கேளாத ஒருவர் மூங்கிலில் பறவைகள் செய்து கொண்டுவந்திருந்தார். கால் வராத ஒரு பெண் துணியில் பூத்தையல் போட்டிருந்தாள். அவரவர் படத்துக்குக் கீழே அவரவரை நிறுத்தி, சட்டையில் பெயர் குத்திவிட்டார்கள். வந்தவர்கள் முதலில் ஆளைப் பார்த்தார்கள். அடுத்து ஆளுக்கு என்ன குறை என்று பார்த்தார்கள். நேரமிருந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள்.

மாயவனின் படத்துக்கு முன்னால் கண்ணகி சிலரை நிறுத்தினாள்.

"இந்தப் பொகையப் பாருங்க. நான் மொதல்ல பாத்தப்ப இது இல்ல, ஆள எடுத்துட்டுப் பொறவு போட்டிருக்காரு. கொப்பரைலேருந்து எழும்பி நாற்காலிய எப்படி மூடுது பாருங்க. ஒத்தக் கையால வரைஞ்சிருக்காருங்க."

அவர்கள் நெருங்கி வந்து புகையைப் பார்த்தார்கள். மாயவன் ராஜாம்பாளைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முன்பு ஆதிமூலம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டச் சொன்னார்கள். தன் ஆலையில் வேலை பார்த்தவனை இன்றைக்கும் மறக்காதவர் என்றும் சொன்னார்கள். ராஜாம்பாளும் தட்டினாள். மாயவன் பக்கத்தில் நின்றான்.

கொடையாளியும் ஓவியரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் போட்டோக்காரர். மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து அந்தப் படத்துக்கு நேர் கீழே போட்டார்கள். அதுவும் சிவப்புதான். ஆதிமூலம் உட்கார்ந்தார். மாயவனைப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

"அண்ணே, அந்தக் கைய கொஞ்சம் முன்னாடி காட்டுங்க. மறைக்காதீங்க," என்றார் போட்டோக்காரர்.

மாயவன் நகரவில்லை. கண்ணகி வந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மழுங்கிய முழங்கையை மெதுவாக முன்னால் இழுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆதிமூலத்தின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போட்டோக்காரர் கேமராவை இறக்கி, பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். ஆதிமூலம் பேச்சை நிறுத்தாமல், அவரைப் பார்க்காமல், இடது கையைத் தூக்கி ஆட்டினார்.

போட்டோக்காரர் எடுத்தார்.